ஓரத்தைப் பார்

வின்ஃபீல்டு, அமெரிக்கா
14-9-1980

அன்புள்ள அக்காவுக்கு,

தனகோடி வணக்கத்தோடு எழுதுவது. நான் இங்கே சுகம். நீயும் அம்மாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அம்மாவின் முழங்கால் வலி குறைந்ததா? குளிர் வருவதற்குள் தைலம் வாங்கி வைத்துவிடு.

"உன் தங்கச்சி அமெரிக்கால இன்னா படிக்கிறான்னு கேக்கறாங்க, நான் இன்னான்னு சொல்றது?" என்று போன கடிதத்தில் கேட்டிருந்தாய். மூன்று வருஷமாக இந்தக் கேள்விக்கு நேராகப் பதில் சொல்லாமல் தப்பித்துக்கொண்டிருக்கிறேன். இன்று முயன்று பார்க்கிறேன்.

குவார்ட்ஸ் கல்லில் செய்த ஒரு பட்டை. தீக்குச்சியில் பாதி நீளம், தலைமுடி கனம். ஒரு முனையை இறுக்கிப் பிடித்திருக்கிறோம், மறுமுனை ஆடும். அது எவ்வளவு ஆடுகிறது என்று அளப்பதுதான் என் வேலை. அந்த ஆட்டம் ஓர் அணுவின் அகலத்தில் லட்சத்தில் ஒரு பங்கு. சூடு இருந்தால் எல்லாப் பொருளும் நடுங்கும் என்பதால் திரவ ஹீலியத்தில் வைத்துக் குளிரவைக்கிறோம். பட்டையின் நுனியில் கடுகில் பாதி அளவுக்கு ஒரு கண்ணாடி ஒட்டியிருக்கிறது. அதன் மேல் லேசர் வெளிச்சம் அடித்து, திரும்பி வருவதைப் பார்க்கிறோம்.

சிக்கல் இங்கேதான். வெளிச்சம் தண்ணீர் மாதிரி ஒழுகுவதில்லை, மணல் மாதிரி துகள் துகளாக வந்து விழுகிறது. கொஞ்சமாக அடித்தால் துகள்கள் போதாமல் அளவு தெளிவாக வராது. அதிகமாக அடித்தால் அந்தத் துகள்களே கண்ணாடியைத் தள்ளிவிடும். நாம் பார்க்க வந்த ஆட்டத்தோடு நாமே உண்டாக்கின ஆட்டமும் கலந்துவிடும். இரண்டுக்கும் நடுவே ஓர் அளவு இருக்கிறது. எத்தனை நல்ல கருவி வைத்தாலும் எங்கள் முறையில் இரைச்சல், அதாவது அளவில் கலந்துவரும் வேண்டாத ஆட்டம், அதற்குக் கீழே போகாது. இயற்கையே போட்டு வைத்த கோடு அது. அதன் கிட்டே இன்னும் ஒருவரும் போனதில்லை. எங்கள் பேராசிரியர் கெல்லர் நாம் முதலில் போக வேண்டும் என்கிறார். வேறொரு ஊரிலும் முயல்கிறார்கள். அதனால் இவர் ஒரு நாளைக்கு மூன்று தடவை வந்து என் முதுகுக்குப் பின்னால் நிற்கிறார். எனக்குக் கை ஓடுவதில்லை.

அந்தக் கண்ணாடியை ஒட்டியது நான்தான். ஊசி முனையில் பசை எடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒட்டினேன். நீ செருப்பு ஃபேக்டரியில் செய்கிற பேஸ்டிங் வேலையைத்தான் நான் கடல் தாண்டி வந்து செய்கிறேன். கேட்பவர்களிடம் அப்படியே சொல்.

அம்மாவுக்கு என் வணக்கம்.

உன் தங்கை,
தனகோடி


ஆம்பூர்
6-10-1980

அருமைத் தங்கை தனகோடிக்கு அக்கா சௌந்தரம் ஆசீர்வாதம் சொல்லி எழுதுவது. நானும் அம்மாவும் நல்லபடியாக இருக்கிறோம். நீ அந்தக் குளிரில் வயிறு காயாமல் சாப்பிடுகிறாயா என்பதுதான் அம்மாவின் கவலை.

உன் கடிதத்தை டிபன் வேளையில் எல்லாருக்கும் படித்துக் காட்டினேன். என் பக்கத்து மேஜை மரியம்மாள், "பாத்தா ஆடுதுன்னா பாக்காம வுட்டுட வேண்டியதுதானே, இதுக்கு எதுக்கு அமெரிக்கா?" என்றாள். எல்லாரும் சிரித்துவிட்டார்கள். சூப்பர்வைசர் ஆபித் பாஷா நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "அப்போ இந்த டியூப் லைட்டு கூட நம்மள தள்ளுதாம்மா?" என்று கேட்டார். தள்ளும் என்றே சொல்லி வைத்தேன். சரிதானே?

இங்கே வேலை ஜாஸ்தி. ஜெர்மனி ஆர்டர் வந்திருக்கிறது. செருப்பின் மேல்தோல் அப்பர் மேல் தூசி விழக் கூடாதென்று கதவு ஜன்னல் எல்லாம் மூடிவிட்டார்கள். ஜூன் மாதத்திலிருந்து ஒட்டுகிற சொல்யூஷன் புது டிரம்மில் வருகிறது. பழையதைவிடச் சீக்கிரம் காய்கிறது. வேலை ஓடுகிறது, ஆனால் வாடை மண்டைக்கு ஏறுகிறது. சாயங்காலம் வீட்டுக்கு வந்தாலும் சோற்றில் அந்த வாடைதான்.

ஒரு வேடிக்கை சொல்கிறேன். நேற்று வேலை விட்டு பஸ் ஸ்டாண்டு வரை நடந்து வந்துவிட்டேன். பூக்காரி கூப்பிட்டு, "இன்னாம்மா, ஒரு கால்ல செருப்ப காணோம்?" என்றாள். குனிந்து பார்த்தால் உண்மைதான். எங்கே கழன்றதென்றே தெரியவில்லை. ரயில்வே கேட் வரை திரும்பிப் போய் எடுத்து வந்தேன். செருப்பு செய்கிறவளுக்கே செருப்பு போனது தெரியவில்லை என்று மரியம்மாள் ஊரெல்லாம் சொல்லிச் சிரிக்கிறாள்.

உடம்பைப் பார்த்துக்கொள். பதில் போட மறக்காதே.

அக்கா,
சௌந்தரம்


வின்ஃபீல்டு
2-12-1980

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலம் அறிய ஆவல். இரண்டு மாதமாகக் கடிதம் போடாததற்குத் திட்டாதே. காரணத்தைக் கேட்டால் நீயே மன்னித்துவிடுவாய்.

அளவு வந்துவிட்டது. போன வாரம் மூன்றாவது தடவையாகக் குளிரவைத்தோம். இரைச்சல் இறங்கிக்கொண்டே போனது. அந்தக் கோட்டுக்கு மேலே ஒன்றரை மடங்கில் வந்து நின்றது. பேராசிரியர் கெல்லர் காகிதத்தைக் கையில் வாங்கிப் பார்த்தார். பிறகு தன் மேல்கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டார், திரும்ப மாட்டிக்கொண்டார், திரும்பக் கழற்றினார். "யாரிடமும் இப்போது சொல்லாதே" என்றார். ஆனால் சாயங்காலத்துக்குள் அவரே நான்கு பேருக்கு டெலிஃபோன் செய்துவிட்டார். ஏப்ரல் மாதம் ஒரு பெரிய கூட்டத்தில் இதை அறிவிக்கப் போகிறார். கட்டுரையில் என் பெயர் முதலில் வருகிறது.

சந்தோஷமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. அறைக்குள்ளேயே நடக்கிறேன்.

செருப்புக் கதையைப் படித்துச் சிரித்தேன். டியூப் லைட் தள்ளும் என்று நீ சொன்னது சரியே.

உன் தங்கை,
தனகோடி


ஆம்பூர்
28-12-1980

அருமைத் தங்கைக்கு அக்காவின் ஆசீர்வாதம். அம்மா சுகம். நானும் சுகம்.

உன் கடிதம் வந்த அன்று அம்மா தெருவில் ஒரு வீடு விடாமல் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். எதைச் சொன்னாள் என்று தெரியவில்லை. நீ ஏதோ வெளிச்சத்தையே பிடித்துவிட்டாய் என்று பேசிக்கொள்கிறார்கள். ஆபித் பாஷா எங்கள் செக்‌ஷனுக்கே மிட்டாய் வாங்கிக் கொடுத்தார்.

எழுத்து பெரிது பெரிதாக இருக்கிறதே என்று நினைக்காதே. பேனா புதிது, வழுக்குகிறது. அதனால் சுருக்கமாக முடிக்கிறேன். பொங்கலுக்குப் பிறகு விவரமாக எழுதுகிறேன்.

அக்கா,
சௌந்தரம்


வின்ஃபீல்டு
4-2-1981

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். எனக்கு ஒரு குறையும் இல்லை. பொங்கலுக்குப் பிறகு எழுதுவதாகச் சொன்னாய், ஒன்றும் வரவில்லை. அம்மாவுக்கு உடம்பு சரியில்லையா? எதுவாக இருந்தாலும் எழுது.

உன்னிடம் ஒரு வேலை விஷயம் கேட்க வேண்டும். சாதாரணமாகத்தான் கேட்கிறேன். அப்பரில் ஒட்டியது சரியாக ஒட்டவில்லை என்று உனக்கு எப்படித் தெரியும்? பிய்த்துப் பார்க்காமல் கண்டுபிடிக்க வழி உண்டா? குளிரில் பசை என்ன ஆகும்?

ஏன் கேட்கிறேன் என்றால், ஒவ்வொரு தடவை குளிரவைக்கும்போதும் எங்கள் இரைச்சல் இன்னும் கொஞ்சம் குறைகிறது. நாங்கள் ஒன்றையும் மாற்றவில்லை. தானாகக் குறைகிறது. பேராசிரியர் கருவி பழகி வருகிறது என்கிறார். இருக்கலாம்.

சீக்கிரம் பதில் எழுது.

தனகோடி


ஆம்பூர்
1-3-1981

அருமைத் தங்கை தனகோடிக்கு அக்கா ஆசீர்வாதம். வீட்டில் எல்லாரும் சுகம். கட்டை விரலில் கத்தி பட்டுவிட்டது, கட்டுப் போட்டிருக்கிறது. அதனால் நான் சொல்லச் சொல்ல மரியம்மாள் எழுதுகிறாள்.

நீ கேட்டதற்குச் சொல்கிறேன். சொல்யூஷன் தடவினதும் ஒட்டக் கூடாது. நூல் நூலாக இழுக்காமல், தொட்டால் விரலில் ஒட்டாமல் வரும்வரை விட வேண்டும். பிறகு இரண்டாவது பூச்சு, அதுவும் காய வேண்டும். அவசரப்பட்டு அமுக்கினால் ஈரம் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். மேலே பார்த்தால் ஜம்மென்று ஒட்டின மாதிரிதான் இருக்கும். ஜெர்மனிக்காரன் குளிர்பெட்டியில் வைத்து எடுத்தால் உள்ளே பசை மொறுமொறுவென்று உடைந்திருக்கும். ஒவ்வொரு தடவை குளிர்ந்ததும் இன்னும் கொஞ்சம் விடும்.

மேலே பார்த்து ஒரு பிரயோஜனமும் இல்லை. ஓரத்தைப் பார். ஓரத்தில் முடி மாதிரி ஒரு கோடு தெரியும். அப்படி விட்டுப்போன சோல், கால் வளையும்போது கூட வளையாது. கால் போகும், சோல் சும்மா நிற்கும். புதுப் பெண்களுக்கு நான் இப்படித்தான் சொல்லிக் கொடுப்பேன்.

உன் வேலை நல்லபடியாக நடக்க அம்மா வேண்டிக்கொள்கிறாள்.

அக்கா,
சௌந்தரம்

தனகோடி, இதற்குக் கீழே எழுதுவது மரியம்மாளாகிய நான். சௌந்தரம் அடுப்படிக்குப் போயிருக்கிறாள். அவள் வந்து உறையை ஒட்டுவதற்குள் எழுதிவிடுகிறேன். விரலில் வெட்டு எதுவும் இல்லை. அவளால் பேனா பிடிக்க முடியவில்லை. கை விரலும் காலும் மரத்துப்போய் நான்கு மாதம் ஆகிறது. டம்ளர் நழுவி விழுகிறது. போன வாரம் ஃபேக்டரி படியில் விழுந்து உதடு கிழிந்தது. அவள் மட்டும் இல்லை, பேஸ்டிங்கில் இன்னும் மூன்று பேருக்கு இப்படித்தான். எனக்கும் உள்ளங்காலில் ஊசி குத்துகிறது. கம்பெனி டாக்டர் ரத்தம் கம்மி என்று டானிக் கொடுத்தார். மேனேஜர் ஓவர்டைமுக்குப் பயந்து நடிக்கிறார்கள் என்கிறார். "அவ பெரிய வேலைல கீறா, தெரிஞ்சா வுட்டுட்டு ஓடியாந்துடுவா" என்கிறாள்; உன்னிடம் சொல்லக் கூடாதென்று அம்மாவிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள். என்னிடமும் கேட்டாள். நான் பேச்சை மாற்றிவிட்டேன். நான் எழுதியதாகக் காட்டிக்கொள்ளாதே.


வின்ஃபீல்டு
17-3-1981

அன்புள்ள மரியக்காவுக்கு,

தனகோடி வணக்கம். உங்கள் உடம்பு இப்போது எப்படி இருக்கிறது என்று முதலில் எழுதுங்கள். நீங்கள் செய்த உதவியை நான் மறக்க மாட்டேன்.

கடிதம் வந்த அன்றே இங்குள்ள மருத்துவ நூலகத்துக்குப் போனேன். இத்தாலியிலும் ஜப்பானிலும் செருப்பு வேலை செய்தவர்களுக்கு இதே நோய் வந்திருக்கிறது. இதே மாதிரி விரல், கால், நழுவும் செருப்பு. பசையில் சீக்கிரம் காய்வதற்காகக் கலக்கும் ஒரு திரவத்தின் ஆவி நரம்பைக் கெடுக்கிறது. டிரம்மின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று எழுத்துக்கு எழுத்து பார்த்து எழுதுங்கள். உடனே அந்த மேஜையிலிருந்து எல்லாரும் எழுந்துவிட வேண்டும். விட்டுவிட்டால் நரம்பு மெதுவாகத் திரும்பும், விடாவிட்டால் திரும்பாது.

நடிக்கிறாள் என்று சொன்னால் அதற்கும் வழி இருக்கிறது. வேலூர் பெரிய ஆஸ்பத்திரியில் நரம்பைச் சோதிக்கும் கருவி இருக்கும். முழங்கையில் சின்னதாகக் கரண்ட் கொடுத்து, அது விரலுக்குப் போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளப்பார்கள். நல்ல நரம்பில் நொடிக்கு ஐம்பது மீட்டருக்கு மேல் ஓடும். நடித்தாலும் பயந்தாலும் அந்த எண் மாறாது. அளப்பது என் தொழில், அதனால் சொல்கிறேன்.

இன்னொன்று. இதை அக்காவிடம் சொல்ல வேண்டாம். அக்கா சொன்னபடி கண்ணாடியின் ஓரத்தை மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். கோடு இருக்கிறது. கண்ணாடி ஒரு மூலையில் மட்டும் தொங்கிக்கொண்டிருக்கிறது. பட்டை ஆடுகிறது, கண்ணாடி சும்மா நிற்கிறது. நாங்கள் சும்மா நின்ற கண்ணாடியைப் பார்த்துவிட்டு இரைச்சல் குறைந்தது என்று குதித்திருக்கிறோம். ஒட்டியது நான். பசை காய்வதற்குள் அமுக்கியதும் நான். கூட்டத்துக்கு ஐந்து வாரம் இருக்கிறது. பேராசிரியரிடம் இன்னும் சொல்லவில்லை. வாசல்வரை போய்த் திரும்பி வருகிறேன்.

தனகோடி


ஆம்பூர்
9-4-1981

தனகோடிக்கு மரியம்மாள் எழுதுவது. ஆண்டவர் கிருபையால் உயிரோடு இருக்கிறோம். உன் சுகத்துக்கு ஜெபம் செய்கிறேன்.

அக்கா தங்கை இரண்டு பேர் ரகசியத்தையும் சுமக்க என்னால் முடியவில்லை. உன் கடிதத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரை சௌந்தரத்துக்குப் படித்துக் காட்டிவிட்டேன். கோபித்துக்கொள்வாள் என்று பயந்தேன். ஆனால், "அவ வாத்தியார்கிட்ட சொல்லிட்டாளா?" என்று கேட்டாள். இன்னும் இல்லை என்றேன்.

"தப்பு தெரிஞ்சும் வாயத் தொறக்கலியா? நான் அவள அப்படியா வளத்தேன்?"

"நீ மட்டும் இன்னா, நாலு மாசமா வாயத் தொறந்தியா?" என்று கேட்டுவிட்டேன்.

ராத்திரிச் சாப்பாடு முடிந்து கை கழுவும்போது சொன்னாள்: "எழுது. அவ போய்ச் சொல்லட்டும். நான் வேலூருக்குப் போறேன். அவ சொன்னான்னு கடுதாசி வர்ற வரைக்கும் நான் காத்துனு இருக்க மாட்டேன், நாளைக்கே போறேன். அவளும் காத்துனு இருக்கக் கூடாது."

ஆபித் பாஷா காலி டிரம்மின் மேலிருந்த சீட்டைக் கிழித்து, டிபன் டப்பாவுக்கு அடியில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். இதனுடன் வைத்திருக்கிறேன். தான் கொடுத்ததாக வெளியே தெரிந்தால் வேலை போய்விடும் என்கிறார்.

மரியம்மாள்


வின்ஃபீல்டு
30-4-1981

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தங்கை வணக்கத்தோடு எழுதுவது. உன் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்கவே எனக்கு வெட்கமாக இருக்கிறது. கேட்காமலும் இருக்க முடியவில்லை.

மரியக்காவின் கடிதம் 24ஆம் தேதி வந்தது. கூட்டம் 21ஆம் தேதியே முடிந்துவிட்டது. நான் சொல்லவில்லை அக்கா. மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். பேராசிரியர் அந்த எண்ணைத் திரையில் காட்டினார். எல்லாரும் கைதட்டினார்கள். என்னை எழுந்து நிற்கச் சொன்னார். எழுந்து நின்றேன்.

கடிதம் படித்ததும் நேராக அவர் அறைக்குப் போனேன். உட்காரச் சொன்னார், உட்காரவில்லை. கண்ணாடி விட்டுப்போயிருக்கிறது என்றேன்.

"எப்போது கண்டுபிடித்தாய்?"

"மார்ச் பதினைந்தாம் தேதி."

அவர் நாட்காட்டியைப் பார்த்தார். தப்பு நடந்ததற்கு அவர் கோபப்படவில்லை. அந்த ஐந்து வாரத்துக்குத்தான் அவர் முகம் மாறியது. "பசை விடலாம். எல்லாருக்கும் விடும். நீ எழுந்து நின்றாயே" என்றார்.

மறுநாள், வந்திருந்த அத்தனை பேருக்கும் திருத்தம் எழுதும் வேலையை என்னிடமே கொடுத்தார். நூற்றுப் பதினேழு கடிதம். ஒவ்வொன்றிலும் என் கையால் எழுதுகிறேன்: பசை விட்டிருந்தது, ஒட்டியவள் நான், தெரிந்தும் சொல்லாமல் இருந்தவளும் நான். பழைய அளவுகளை வைத்துக் கணக்குப் போட்டால், உண்மையான இரைச்சல் அந்தக் கோட்டைவிட நாற்பது மடங்கு மேலே இருக்கிறது. செப்டம்பருக்குப் பிறகு என்னை வைத்துக்கொள்வாரா என்று தெரியவில்லை.

டிரம் சீட்டை இங்கே வேதியியல் துறையில் காட்டினேன். நான் சந்தேகப்பட்ட அதே திரவம்தான். அவர்கள் கையெழுத்திட்டுக் கொடுத்த குறிப்பை இதனுடன் வைத்திருக்கிறேன். நீ போனாயா? எண் என்ன?

தனகோடி


ஆம்பூர்
12-7-1981

அருமைத் தங்கைக்கு அக்காவின் ஆசீர்வாதம். அம்மா சுகம். நான் சொல்ல மரியம்மாள் எழுதுகிறாள். இனிமேல் உனக்கு மறைத்து எழுத ஒன்றும் இல்லை.

வேலூருக்கு, கை கால் மரத்துப்போன நாங்கள் நான்கு பேரும் பஸ்ஸில் போனோம். மரியம்மாள்தான் எங்களை மேய்த்துக்கொண்டு போனாள். சோதனை செய்த டாக்டரம்மாவுக்கு சின்ன வயசு. சுருக் சுருக்கென்று கரண்ட் வைத்தார்கள். திரையில் ஒரு பச்சைக் கோடு எழும்பி எழும்பி விழுந்தது. எண் எவ்வளவு என்று கேட்டேன். "உங்களுக்கு எதுக்கும்மா அது?" என்றார்கள். "என் தங்கச்சி கேப்பா" என்றேன். இருபத்தொன்பது. காலில் அதுவும் இல்லை, கோடே எழும்பவில்லை. வேலையை விட்ட பிறகும் இரண்டு மூன்று மாதம் ஜாஸ்தியாகித்தான் அப்புறம் இறங்கும், பயப்படக் கூடாது என்றார்கள். அப்படியேதான் ஆகிறது. இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறேன்.

ஃபேக்டரி இன்ஸ்பெக்டருக்கு எழுதிப் போட்டோம். போன மாதம் வந்தார். மேனேஜர் அறைக்கு என்னைக் கூப்பிட்டார்கள். மேனேஜர் ஊசியும் நூலும் எடுத்து மேஜை மேல் வைத்தார். "கோத்துக் காட்டும்மா, பாக்கலாம்" என்றார். முயன்றேன். ஊசி எங்கே இருக்கிறதென்றே விரலுக்குத் தெரியவில்லை. கீழே விழுந்தது.

"பாத்தீங்களா சார், வேணும்னே செய்யறா" என்றார்.

நான் டாக்டரம்மாவின் சீட்டையும் நீ அனுப்பின குறிப்பையும் இன்ஸ்பெக்டரிடம் கொடுத்தேன். அவர் படித்துவிட்டு, "இதுல நடிக்க முடியாதாம்மா?" என்றார்.

"ஊசிய கீழ போட்டா நடிக்கறேன்னு சொல்லலாம் சார். நரம்புக்கு நடிக்கத் தெரியாது. உங்களுக்கு சந்தேகம்னா மேனேஜரையும் அந்த மிஷின்ல வெச்சுப் பாருங்க" என்றேன்.

மரியம்மாள் வெளியே நின்று கேட்டுச் சிரித்துவிட்டாள். பிறகு அவள் அழுதாள், அது வேறு விஷயம்.

அந்த டிரம் நின்றுவிட்டது. சுவரை உடைத்து ஆறு இடத்தில் ஃபேன் வைத்துவிட்டார்கள். மற்ற மூன்று பேரையும் பேக்கிங்குக்கு மாற்றினார்கள். மரியம்மாளுக்கு ஊசி குத்துவது நின்றுவிட்டது. என்னிடம் மட்டும் மேனேஜர் ஒரு காகிதத்தை நீட்டினார். உடம்பு சரியில்லாமல் நானாகவே விலகுகிறேன் என்று அதில் இருந்தது. "பேனா புடிக்க விரல் வளையல சார்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். கட்டை விரல் ரேகை வைக்கச் சொல்லி ஆள் அனுப்பினார். நான் எட்டாவது படித்தவள், ரேகை வைக்க மாட்டேன் என்று திருப்பி அனுப்பினேன். இதுவரை என்னை வேலைக்கும் கூப்பிடவில்லை, வேலையை விட்டு எடுக்கவும் இல்லை. ஃபேக்டரி சங்கு ஊதும்போதெல்லாம் எழுந்து நிற்கிறேன், திரும்ப உட்காருகிறேன். சும்மா இருப்பது பெரிய பேஜாராக இருக்கிறது.

நீ எழுந்து நின்றதைப் பற்றி எழுதியிருந்தாய். நான்கு மாதம் நானும் தினம் எழுந்து அந்த மேஜைக்குத்தான் போனேன். பக்கத்தில் இருந்தவர்களும் என்னைப் பார்த்துத்தான் பேசாமல் இருந்தார்கள். அதை நினைத்தால்தான் எனக்குத் தூக்கம் போகிறது. ஒருவரை ஒருவர் திட்டிக்கொள்ள வேண்டாம். சாப்பிடு.

அக்கா,
சௌந்தரம்


வின்ஃபீல்டு
3-11-1981

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். எனக்குச் சளி பிடித்திருக்கிறது, வேறொன்றும் இல்லை. இனி நானும் உள்ளதை உள்ளபடி எழுதுவதென்று வைத்திருக்கிறேன்.

பேராசிரியர் என்னை அனுப்பவில்லை. ஆனால் பழைய மாதிரி பேசுவதில்லை. முதுகுக்குப் பின்னால் வந்து நிற்பதும் இல்லை. திட்டிவிட்டால் தேவலை என்று இருக்கிறது. நூற்றுப் பதினேழு பேரில் ஒன்பது பேர் பதில் எழுதினார்கள். ஒருவர் மட்டும், தன் கண்ணாடியின் ஓரத்தையும் போய்ப் பார்த்ததாக எழுதியிருந்தார். அதுவும் விட்டிருந்ததாம்.

புதுக் கண்ணாடி ஒட்டினேன். நீ சொன்ன மாதிரி இரண்டு பூச்சு, நூல் இழுக்காமல் காயும்வரை விட்டு. ஐந்து தடவை குளிரவைத்தோம். ஐந்து தடவையும் ஒரே எண். மோசமான எண்தான், முப்பத்தெட்டு மடங்கு. அந்தக் கோட்டை நான் இருக்கும்போது தொடுவார்களா என்று தெரியவில்லை. இப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம் இந்த முப்பத்தெட்டு உண்மை என்பது மட்டும்தான்.

ஏப்ரலில் பட்டம் கிடைத்தால் ஊருக்கு வருவேன். உன் எண் என்ன இப்போது?

தனகோடி


ஆம்பூர்
21-2-1982

அருமைத் தங்கை தனகோடிக்கு அக்கா ஆசீர்வாதம். உன் சளி போனதா? அம்மா உனக்காக மிளகு வறுத்துப் பொடித்து வைத்திருக்கிறாள், வரும்போது தருவாளாம். எழுதுவது மரியம்மாள்தான். அவள் இல்லாவிட்டால் நமக்குள் பேச்சே இருந்திருக்காது.

போன வாரம் வேலூரில் மறுபடி பார்த்தார்கள். கை முப்பத்திநான்கு. காலில் இன்னும் கோடு எழும்பவில்லை. முழுசாக ஐம்பது வருமா என்று கேட்டேன். டாக்டரம்மா வராமலும் போகலாம் என்றார்கள். பொய் சொல்லாமல் சொன்னதற்கு நன்றி சொல்லிவிட்டு வந்தேன். கம்பெனியில் இன்னும் ஒரு முடிவும் இல்லை. கம்பெனி மேல் நாங்கள் போட்ட கேஸ் வாய்தா வாய்தாவாகப் போகிறது. இன்ஸ்பெக்டர் மாற்றலாகிப் போய்விட்டார். புதியவரிடம் முதலிலிருந்து சொல்ல வேண்டும், சொல்வேன்.

நேற்று ஒன்று நடந்தது. காலையில் கிணற்றடியில் துணி அலசிவிட்டுக் கல் மேல் உட்கார்ந்திருந்தேன். இடது காலில் ஏதோ ஒன்று. முதலில் தண்ணீர்ச் சொட்டு என்று நினைத்தேன். அது நகர்ந்தது. நின்றது. திரும்ப நகர்ந்தது. கண்ணை மூடிக்கொண்டேன். எந்த விரலில் இருக்கிறது என்று பார்க்காமல் சொல்ல முடிகிறதா என்று எனக்கு நானே கேட்டேன். சுண்டு விரல் என்று தோன்றியது. கண்ணைத் திறந்தேன். சுண்டு விரல் மேல் ஓர் எறும்பு.

மூச்சு விடவில்லை. அசைந்தால் ஓடிவிடுமே என்று காலை அப்படியே வைத்துக்கொண்டேன். அம்மா உள்ளேயிருந்து கூப்பிட்டாள், எழுந்திருக்கவில்லை. அது அடுத்த விரலுக்கு ஏறியது, அங்கே தெரியவில்லை. அதற்கடுத்த விரலில் லேசாகத் தெரிந்தது. பிறகு புறங்காலில் ஏறி, கணுக்கால் கிட்டே கடித்தது.

வலித்தது தனகோடி. நன்றாக வலித்தது.

அக்கா,
சௌந்தரம்